மொச்சையும் நாலு பேரும்

எட்டாம் வகுப்பு ‘சி’ பிரிவைக் கண்பார்வையிலேயே அடக்கிவிடுவாள் என்று நான் வேலை பார்த்த பள்ளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கணக்கு டீச்சர். பிரம்பு எடுத்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை கட்டிக் காத்த அந்தப் பெயரை 14 கிலோ எடையுள்ள ஒரு லாப்ரடார் குட்டியிடம் பறிகொடுத்தேன். யாரும் பார்க்காத இடத்தில் பறிகொடுத்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியே இருக்க மாட்டேன். நடந்தது கோயம்புத்தூரில், ஞாயிற்றுக்கிழமை காலையில், நடைப்பயிற்சிக்குப் பாதி ஊர் கூடும் மைதானத்தில். என் பழைய மாணவன் ஒருவனும் தன் பீகிளோடு அதே வகுப்பில் சேர்ந்திருந்தான்.

குட்டி எனக்கு மகள் வழியாக வந்த சொத்து. வேலை கிடைத்து பெங்களூர் போவதற்குச் சில வாரம் முன்னால் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘மோக்கா’ என்று பெயர் வைத்தாள். வீட்டுக்காரர் வாயில் அது மொச்சையாகி, நிறமும் பொருந்திவிட்டதால் அப்படியே நிலைத்துவிட்டது. மகள் ஊருக்குப் போனாள், மொச்சை எங்களோடு தங்கினாள். “பப்பி கிளாஸ்ல சேத்துவிடும்மா, நீ டீச்சர்தானே, உனக்கு ஈசி” என்று போனில் ஒரு வாக்கியம். அந்த ‘ஈசி’யை நம்பியவள் நான்.

சேர்ப்பதிலேயே கோட்டைவிட்டேன். குட்டி நாய்களுக்கு உலகம் பழகும் பருவம் ஒன்று உண்டு. ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரத்தோடு முடியும் என்று ஸ்காட், புல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட புத்தகத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த வாரங்களில் பார்த்த மனிதர்கள், கேட்ட சத்தங்கள், மிதித்த தரை எல்லாம் பிறகு சாதாரணமாகிவிடும். அதனால்தான் தடுப்பூசிகள் அத்தனையும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் சுத்தமான இடத்தில் நடக்கும் வகுப்புக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார்கள் விலங்கு நடத்தை படித்த மருத்துவர்கள். எங்கள் டாக்டரும் அதையேதான் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். ஆடி மாதம். ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது. நாய்க்கு ஏது ஆடி என்று வீட்டுக்காரர் கேட்டார். அவருக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பன்னிரண்டு வாரம் எப்போதோ தாண்டியிருந்தது. மற்றவர்கள் வீட்டுக் குட்டிகளுக்கு இன்னொரு நாய் என்பது பழைய சமாச்சாரம். மொச்சைக்கு அது அன்றைக்குத்தான் கிடைத்த அதிசயம்.

சேலை கட்டிக்கொண்டு போனது அடுத்த தவறு. வகுப்புக்குப் போகிறோம், டீச்சர் மாதிரிப் போக வேண்டாமா? கஞ்சி போட்ட கோட்டாப் புடவை. மைதானத்துக்குள் நுழைந்ததும் மொச்சை பீகிளைப் பார்த்தாள், ஜெர்மன் ஷெப்பர்டைப் பார்த்தாள், பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு ஷிட்ஸூவைப் பார்த்தாள். யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் என்னையே சுற்ற ஆரம்பித்தாள். கயிறு முதல் சுற்றில் கொசுவத்தைப் பிடித்தது. இரண்டாவது சுற்றில் கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டியது. மாஸ்டர் அப்போதுதான் எல்லோரையும் பார்த்து, “முதல்ல சிட் பழகலாங்க” என்றார். அந்த வகுப்பில் முதன்முதலில் ‘சிட்’ செய்தவள் நான்தான். புல்தரையில் பொத்தென்று.

மாஸ்டர் என்றால் வயதானவர் இல்லை. என் மகள் வயதுத் தம்பி. சிரிக்கவில்லை, பாவம். கை கொடுத்துத் தூக்கிவிட்டு, “டீச்சர், ஒண்ணும் ஆகலீங்களே? நீங்க கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்க. அந்த மரத்துக்கிட்ட” என்றார். மைதானத்தின் கோடியில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அங்கே போய் நிற்பதாவது! வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவளை ஒரு பொடியன் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறான், பழைய மாணவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். “பரவால்லீங்க தம்பி, சமாளிச்சுக்குவேன்” என்று முன்வரிசையிலேயே நின்றேன். அடுத்து வந்த அத்தனை கேவலமும் இந்த ஒரு ‘பரவால்லீங்க’வில் இருந்து புறப்பட்டதுதான்.

சிட் என்றேன். சிட் சிட் என்றேன். மொச்சை, சிட்டு, சிட்டும்மா, உக்காரு கண்ணு, சிட்! புதிதாக வேலைக்கு வரும் இளம் டீச்சர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் என்ன தெரியுமா? ‘சைலன்ஸ்’ என்று ஒருமுறை சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது மின்விசிறிச் சத்தம் ஆகிவிடும். அதே நான்தான் அன்று ஓயாமல் சிட் போட்டேன். மொச்சை உட்காரவில்லை. மைதானத்தோரம் டீக்கடையை நம்பி வாழும் ஒற்றைக் காது மடிந்த தெருநாய் ஒன்று எங்கிருந்தோ வந்து, என் எதிரே அழகாக உட்கார்ந்து, அடுத்து என்ன என்று பார்த்தது. வாரா வாரம் வேலியோரத்தில் இருந்தே வகுப்பைக் கவனித்துப் பாடத்தை முடித்துவிட்ட மகாத்மா அது. மாஸ்டர் அதற்கு ஒரு பிஸ்கட் போட்டார். பழைய மாணவன் இருமினான். சிரிப்பை இருமலாக மாற்றும் வித்தையை எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் கற்றுக்கொண்டிருந்தான்.

லாப்ரடாரைத் தீனி காட்டி எதையும் செய்ய வைக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். பொய்யில்லை. இந்த இனத்தில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு குறைவு என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கள் வீட்டில் அம்மி கழுவிய தண்ணீரைக்கூட மொச்சை விட்டுவைப்பதில்லை. அப்படிப்பட்டவள் மைதானத்தில் வேகவைத்த கோழித்துண்டை வாயில் வாங்கிக் கீழே துப்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் ருசியைக் கூட்டினேன். முந்தின இரவு வாங்கிய சிக்கன் சிக்ஸ்டி பைவில் மிச்சமிருந்ததைக் குழாயடியில் வைத்துச் சிவப்புச் சாயம் போகக் கழுவி, டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். மூடியைத் திறந்ததும் மாஸ்டர் மோந்து பார்த்துவிட்டு, “டீச்சர், இதுல வெங்காயம் பூண்டு எல்லாம் அரைச்சுப் போட்டிருப்பாங்க. நாய்க்கு ஆகாதுங்க, ரத்தத்துல செவப்பணு செத்துப்போயிரும்” என்று டப்பாவை வாங்கி மூடினார். அதுவரை வீட்டில் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அவர் சொன்ன இன்னொன்றைத்தான் நான் அன்றே காதில் வாங்கியிருக்க வேண்டும். “தீனியத் துப்புதுன்னா ருசி பத்தலைன்னு அர்த்தம் இல்லீங்க. அவளுக்கு இந்த எடமே தாங்கல. மத்த நாய்ங்க ரொம்பக் கிட்ட இருக்குதுங்க. எவ்ளோ தூரம் போனா அவ தீனி எடுக்கறாளோ அதுதான் அவளோட எடம். அங்கிருந்துதான் பாடமே ஆரம்பிக்கும்.” வெறும் தூரக் கணக்கு. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைக்கச் சொல்கிறார், நான் கரண்டியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

என் வழியில் வேறு சில நிவாரணங்களும் கண்டுபிடித்தேன். வகுப்புக்கு முன்னால் ஓடவிட்டுக் களைப்பாக்கிக் கொண்டுபோனால் பெட்டிப்பாம்பாக இருப்பாள் என்று ஒரு யோசனை. விடிகாலையில் வீட்டுக்காரரை எழுப்பி மொட்டை மாடியில் பந்து எறியவைத்தேன். இந்த வயதுக் குட்டிக்கு நாளில் 18 மணி நேரம் வரை தூக்கம் தேவை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தூக்கம் கெட்ட கைக்குழந்தை கல்யாண வீட்டில் என்ன பாடு படுத்தும் என்று பெற்று வளர்த்தவளுக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் அன்று ஞாபகம் வரவில்லை. களைத்துப் போனது வீட்டுக்காரர் மட்டும். காரிலேயே தூங்கிவிட்டார்.

பாவ்லோவ் பெயரைப் படிக்காமல் யாரும் பி.எட். முடித்துவிட முடியாது. 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. நாய் எச்சில் ஊறிய கதை அந்த ஆய்வின் ஓரத்தில் முளைத்தது. தேர்வில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதியவள் என் வீட்டு நடையில் அதே ஆய்வு தினசரி நடப்பதைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆணியில் இருந்து கயிற்றை எடுத்தால் கொக்கி ‘கிளிங்’ என்னும். மொச்சை ஒரு குதி. கார் சாவி, இரண்டு குதி. மைதானத்துக்குத் திரும்பும் முக்கில் ஊளை. வகுப்பு தொடங்குமுன்பே இவள் கொதித்து வழிந்தாயிற்று, நான் மைதானத்தில் போய் மூடி தேடிக்கொண்டிருந்தேன். இதற்கு மருந்து சுலபம்: கயிற்றை எடுத்து, மாட்டி, எங்கும் போகாமல் கழற்றிவைக்க வேண்டும். வகுப்பில்லாத நாளில் மைதானம்வரை போய், கொஞ்சம் மோந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ‘கிளிங்’குக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். வேலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றும் நடக்காத வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஒரு மனசு வேண்டும். ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்திய எனக்கே அது இல்லை.

கிளிக்கர் கதை தனி. கோயில் திருவிழாவில் அமுக்கினால் ‘டக்டக்’ என்னும் தகரத் தவளை விற்பார்களே, அதுதான் சமாச்சாரம். நாய் சரியாகச் செய்த அந்த நொடியில் சத்தம், உடனே தீனி. மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர் 1951-லேயே ஓர் அறிவியல் பத்திரிகையில் விளக்கியது. ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் இதை நாய்க்காரர்களிடையே பரப்பினார். எல்லாம் அந்த நொடியில்தான் இருக்கிறது. மொச்சையின் பின்பக்கம் தரையைத் தொடும், நான் பார்ப்பேன், மகிழ்வேன், யாராவது கவனித்தார்களா என்று ஒருமுறை சுற்றிலும் பார்ப்பேன், பிறகு அமுக்குவேன். அதற்குள் அவள் எழுந்து என் தோளில் கால் வைத்திருப்பாள். சத்தம் தோளுக்கு, தீனியும் தோளுக்கு. விஞ்ஞானம் பொய்க்கவில்லை. மிகச் சிறப்பாகத் தோளில் ஏறக் கற்றுக்கொண்டாள்.

கொட்டாவி விஷயத்தில் இன்னும் மோசம். நான் விளக்கிச் சொல்லும்போதெல்லாம் மொச்சை கொட்டாவி விட்டாள், உதட்டை நக்கினாள். கணக்கு வகுப்பில் கொட்டாவிக்கு ஒரே அர்த்தம்தான். எனக்குக் கோபம் வந்தது. கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். டுரிட் ருகாஸ் என்ற நார்வேக்காரப் பெண்மணி நாய்களின் இந்தச் சின்னச் சின்ன அடையாளங்களைக் கவனித்துத் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் கொட்டாவி என்றால் பெரும்பாலும் தூக்கம் இல்லை, பதற்றம். இறுக்கிய கயிறு அதைக் கூட்டும். அவள் தன் பாஷையில் ‘டீச்சர், எனக்கு முடியல’ என்று கை தூக்கியிருக்கிறாள். நான் ‘உட்கார், பேசாதே’ என்றிருக்கிறேன்.

ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருந்த பெரியவர் ஒருவர் என் மேல் இரக்கப்பட்டார். “ஏனுங்க அம்மிணி, கழுத்துல சங்கிலியப் போட்டு ரெண்டு சுண்டு சுண்டுங்க, தானா அடங்கும்.” பழைய பள்ளிக்கூடம். ஜெர்மானியப் போலீஸ் நாய்ப் பயிற்சியாளர் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய புத்தகத்தில் இருந்து உலகம் முழுக்கப் பரவிய முறை. அப்படிச் சுண்டிப் பழக்கினால் நாய்க்குப் பயமும் முரட்டுத்தனமும்தான் கூடும், தீனியும் பாராட்டும் கொடுத்தே பழக்குங்கள் என்று அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2021-இல் அறிக்கையே வெளியிட்டுவிட்டது. மாஸ்டரும் அந்தக் கட்சி. தெரிந்தும் நான் போய் ஒரு இறுக்குச் சங்கிலி வாங்கினேன். பிரம்பு எடுக்காத டீச்சர்! கைப்பையின் அடியில் கைக்குட்டையில் சுற்றி ஒளித்துவைத்தேன். வெளியில் எடுக்கவே கை வரவில்லை, அதில் எனக்குப் பெருமையும் இல்லை. வாங்கியது வாங்கியதுதான். வீட்டுக்காரர் கண்டுபிடித்து, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், மாடிக் கேட்டில் பூட்டோடு கோர்த்துவிட்டார்.

அதன் பிறகு வீட்டுப்பாடம் தொடங்கினேன். கேரன் ஓவரால் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் நாயை அமைதியாக இருக்கப் பழக்க 15 நாள் பாடத்திட்டம் ஒன்று வகுத்திருக்கிறார். நாயை ஒரு விரிப்பில் உட்கார வைக்க வேண்டும். நாம் ஓரடி பின்னால் போக வேண்டும், தீனி. கை தட்ட வேண்டும், தீனி. நாட்கள் ஏற ஏறப் பாடமும் ஏறும். அறையை விட்டு வெளியே போய், கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியிடம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். விரிப்பில் மொச்சை இருந்தாள், நான் வாசலுக்குப் போய், “வாங்க வாங்க, உள்ள வாங்க, காப்பி குடிக்கறீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா?” என்று வெற்று வாசலிடம் கேட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே கூடத்துக்குள் ஓடினேன். கேட்டருகே பால்காரர் நின்றுகொண்டிருந்தார். பாக்கெட்டைச் சுவரில் வைத்துவிட்டு அவர் போன வேகம் இருக்கிறதே. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டக்கா வந்து, மகள் ஊருக்குப் போனதில் இருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருகிறதா என்று விசாரித்தார். பாடத்திட்டத்தை அன்றோடு மூட்டைகட்டினேன். கொடுமை என்னவென்றால், நான் வெற்று வாசலோடு பேசிக்கொண்டிருந்தபோது மொச்சை விரிப்பைவிட்டு அசையவே இல்லை. அது வேலை செய்துகொண்டிருந்தது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நிறுத்தியது நான்.

கடைசியில் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு நான் போனதும் புத்தி வந்ததால் இல்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதால் உட்கார இடம் தேடிப் போனேன். வேரில் உட்கார்ந்தேன். கயிற்றைத் தளர்த்திவிட்டேன், பிடித்துக்கொள்ளத் தெம்பில்லை. டப்பா சரிந்து கோழித்துணுக்கு புல்லில் சிதறியது. மொச்சை மூக்கைக் கீழே இறக்கினாள். புல்லைப் பிரித்துப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேடினாள். மோந்து தேடும் நாயின் உடம்பு தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும் என்று மாஸ்டர் முதல் நாளில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். தேடி முடித்துத் தலை தூக்கினாள். தூரத்தில் பீகிள் ஓடியது. பார்த்தாள், காது நிமிர்ந்தது, குரைக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். ஒரு துண்டு கொடுத்தேன், வாங்கித் தின்றாள். மறுபடி பீகிளைப் பார்த்தாள், மறுபடி என்னிடம் திரும்பினாள். பிறகு பின்னங்காலை ஒருபக்கமாகச் சாய்த்து, என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டாள்.

நல்ல டீச்சர் என்றால் அங்கேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் எழுந்து நின்று, “தம்பி! மாஸ்டர் தம்பி! இங்க வந்து பாருங்க!” என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கூவினேன். மாஸ்டர் வந்தார், கூடவே பழைய மாணவன், பீகிள், ஷிட்ஸூ வீட்டம்மா, ஜெர்மன் ஷெப்பர்ட் பெரியவர், ஒற்றைக் காது மகாத்மா. நாலு பேர் கேட்டேன், அதற்கு மேலேயே வந்தார்கள். மொச்சை மாஸ்டர் தோளில் இருந்தாள்.

வகுப்பு முடிந்த அன்று எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். மற்ற குட்டிகளுக்கு ‘தேர்ச்சி’. மொச்சைக்கு ‘கலந்துகொண்டாள்’. இந்தச் சொல்லை எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆண்டு விழாவில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பிரிவில் மறுபடி சேர்ந்திருக்கிறோம். இம்முறை சுடிதார், வேகவைத்த வெறும் கோழி, மரத்தடி.

ஆகவே கோவைவாசிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தின் கோடியில் ஒரு வயதான பெண்மணி பழுப்புக் குட்டியோடு வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், தயவுசெய்து கண்டுகொள்ளாமல் போய்விடுங்கள். ‘அடடே, குட்டி!’ என்று கிட்டே வராதீர்கள், ‘தோ தோ’ என்று கூப்பிடாதீர்கள், ரஸ்க் நீட்டாதீர்கள். கொஞ்சியே தீர வேண்டும் என்றால் அவளுடைய நாலு காலும் தரையில் இருக்கும்போது, பக்கவாட்டில் வந்து, கையைத் தாழ நீட்டுங்கள். குதித்தால் திரும்பி நின்றுகொள்ளுங்கள். என் பழைய மாணவர்களாக இருந்தால் வணக்கம்கூட வேண்டாம், சாயங்காலம் போன் செய்யுங்கள்.